வெடிச் சங்கு

எல்லோருடைய தொப்பியும் ஒரே நேரத்தில் மேலே எழும்பியது.

ரூபன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான். தண்டவாளத்தில் நின்ற மண் வண்டிக்கு அடியில் புகுந்து, தலையைப் பொத்திக்கொண்டு குப்புறக் கிடந்தான்.

பாறை சிதறவில்லை. தரைகூட அதிரவில்லை.

ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். வேறு யாரும் ஓடக் காணோம். பனாமாக் கால்வாய்க்காக மலையைப் பிளந்த அந்த வெட்டு நெடுக, ஜமைக்காக்காரன், பார்படோஸ்காரன், ஸ்பெயின்காரன் என்று அத்தனை பேரும் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

வெடி வைத்த இடத்தில் குதிக்கிறார்களே, இவர்களுக்கென்ன பைத்தியமா?

முறைக்காய்ச்சலுக்கென்று தினமும் ஊற்றிய கொய்னா மருந்து அவன் காதைத் தின்றிருந்தது. உள்ளே ஒரு சில்வண்டு மட்டும் ஓயாமல் கத்தும். வெடிச் சங்கு ஊதினால் கூட்டாளி சீலி தொப்பியைத் தூக்குவான், ரூபன் ஓடுவான். இருவருக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு அது.

செவிடன் என்று தெரிந்தால் அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள். பார்படோஸில் அவனை நம்பி ஐந்து வயிறுகள்.

மேஸ்திரி மெக்கே துரை வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். மீசைக்குக் கீழே உதடு அசைந்தது.

துரை எதைச் சொன்னாலும் ரூபனிடம் ஒரே பதில்தான். இதுவரை அதுதான் அவனைக் காப்பாற்றியது.

"ஆமாங்க, துரை."

சிரிப்பு நின்றுவிட்டது. துரை அவனையே உற்றுப் பார்த்தார். அவன் சட்டையில் தொங்கிய பித்தளை வில்லையைத் திருப்பி, அதில் பொறித்திருந்த ஆள் எண்ணைப் பார்த்தார். பிறகு தோளில் மெல்லத் தட்டிவிட்டுப் போனார்.

ஆள் எண்ணை ஏன் பார்த்தார்? தோளில் ஏன் தட்டினார்?

பின்னாலேயே நின்ற சீலி, அவன் காதோடு வாயை வைத்துக் கத்தினான்.

"வெடி இல்லடா மடையா! ரெண்டு பக்கமிருந்தும் தோண்டிட்டு வந்த மண்வாரி மிஷினுங்க நடுவுல சந்திச்சிடுச்சு. அதுக்குத்தான் எல்லாச் சங்கையும் ஒண்ணா ஊதுறானுங்க. நீ எதுக்குடா ஆமாங்கன்னே?"

"சிரிச்சாரேடா. நல்ல சேதின்னு நெனச்சேன்."

சீலி சுற்றுமுற்றும் பார்த்தான். மறுபடி காதருகே குனிந்தான். இந்த முறை அவன் கத்தவில்லை. இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"இத்தனை சங்கு ஊதுது, உனக்கென்ன காது செவிடான்னு கேலி பண்ணினாருடா."