ஒரு நொடித் திணறல்

எங்கள் தெருவில் அவருக்குப் பட்டாசு என்று பெயர். வாயைவிடக் கை முந்தும். அவர் எது கேட்டாலும் மனைவி ஒரு நொடி தயங்கித்தான் பதில் சொல்வாள். பழைய காருக்குப் புது கார்புரேட்டர், இக்னிஷன் காயில், பிளக் எல்லாம் மாற்றிய பிறகு அதுவும் அப்படியே ஆனது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி திணறும்.

"நான் ஓட்டினா நல்லாத்தான் போகுது. உங்களைப் பாத்துத்தான் பயப்படுது, அண்ணே," என்றார் மெக்கானிக்.

பட்டாசு எஞ்சினை அணைத்துச் சாவியைப் பையில் போட்டார். இறங்கி, ஸ்பேனரால் பானெட்டில் நாலு போடு போட்டார். "இளிக்கிறியா? அடுத்து நீதான்டி," என்று வாசலில் நின்ற மனைவி பக்கம் திரும்பினார்.

ஆளில்லாத கார் திணறாமல் பாய்ந்து அவரைச் சுவரோடு வைத்து நசுக்கியது. அதைப் பின்னுக்கு எடுக்க, சாவியை அவர் பையிலிருந்துதான் உருவ வேண்டியிருந்தது.

"வண்டியை என்னக்கா பண்ணட்டும்?" என்றார் மெக்கானிக்.

"எனக்கு ஓட்டக் கத்துக்குடுங்க," என்றாள், உடனே.