விளம்பரம் வராத வீடு

"என் போன்ல விளம்பரம் வரக் கூடாதுன்னு சொல்ல நீ யாரு?"

மாமியார் போட்ட சத்தத்தில் ஹாலே அதிர்ந்தது.

மருமகள் ரவுட்டர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டி மூன்று வாரம் ஆகிறது. அன்றிலிருந்து அந்த வீட்டில் யார் போனிலும் விளம்பரம் தலைகாட்டுவதில்லை. மாமியாரின் உயிர்மூச்சான தள்ளுபடி அறிவிப்புகளும் போயே போய்விட்டன.

"போன வாரம் பாத்திர செட் பாதி விலையாம். பக்கத்து வீட்டுக்காரி வாங்கி வந்து என்கிட்டயே காட்டுறா!"

"அத்தை, இப்ப எதைத் திறந்தாலும் சட்டுனு திறக்குது. படிக்கும்போது நடுவுல எதுவும் வந்து குதிக்கிறதில்ல. நாம எதைத் தேடுறோம்னு பின்னாலயே வந்து நோட்டம் விடுறவங்கள்ல பாதிப் பேருக்குக் கதவைச் சாத்தியாச்சு."

"பாத்துட்டுப் போகட்டுமே! மடியில கனமில்ல, எனக்கென்ன பயம்?"

மகன் சோபாவிலிருந்து தலையைத் தூக்கினான். "அம்மாவுக்குப் பிடிக்கலன்னா எடுத்துத் தொலையேன்."

மருமகள் உள்ளறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"அதை மட்டும் கேக்காதீங்க."

"பாத்தியாடா திமிரை!"

மாமியார் தானே போய்ப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். ஜெயித்த தெம்போடு உட்கார்ந்து போனைத் திறந்தார்.

பாத்திரம் வரவில்லை. 'காது மந்தமா? வெளியே தெரியாத மிஷின்!' என்று வந்தது. அடுத்த பக்கத்திலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே.

"எனக்குப் பாம்புச் செவி! இதை எதுக்கு என் தலையில கட்டுறான்?"

மருமகள் குனிந்து, மெதுவாகச் சொன்னாள். "எல்லாருக்கும் ஒரே வைஃபை அத்தை. வீட்டுல ஒருத்தர் தேடினா மத்தவங்க போனுக்கும் வந்துடும்."

மாமியார் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

உள்ளறையில் மாமனார் யாரோ கொடுத்த வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். ஊரில் பாதி வாத்தியங்கள் அவரிடம்தான் வரும். காதுதான் அவருக்குச் சோறு போடுகிறது. ஒரே தந்தியைத் திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டிருந்தார்.

"உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"மூணு வாரமா, அத்தை."

மகன் எழுந்து வந்தான். "என்ன குசுகுசுன்னு? அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுடவா?"

"கைய வச்சே, பாரு! இருக்கிற பாத்திரத்தை வைக்கவே இடமில்ல, இதுல தள்ளுபடி ஒரு கேடு."

ஒயரை மாமியாரே திரும்பச் செருகினார்.

முப்பது வருஷமாக அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்துக் கூப்பிடுகிறவர், அன்று உள்ளறைக்குப் போனார். கணவரின் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராக நின்று, "சாப்பிட வாங்க" என்றார்.