மூட்டை அவிழாத வீடு

ஊருக்கு நடுவே போன நெடுஞ்சாலையில் வண்டிகள் குறைந்துபோனதால், அதை மூடிவிட்டுப் பாதியில் பூங்காவும் பாதியில் ஏழைகளுக்குச் சின்னச் சின்ன வீடுகளும் கட்டினார்கள். அங்கே குட்டி போட்ட சாம்பல் பூனைக்கு மட்டும் நிம்மதி இல்லை. புதருக்குள் இருந்த குட்டிகளைப் பூங்கா மேடைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தது. மறுநாளே அங்கிருந்தும் கவ்விக்கொண்டு கிளம்பியது.

"இப்போ என்ன குறை அக்கா?" என்றது வேலிமேல் இருந்த காக்கை. "தூக்கித் தூக்கியே குட்டிங்களுக்குக் கழுத்து நீண்டுபோச்சு."

பூனை குட்டியைக் கீழே வைத்தது. "உனக்கென்ன, பறந்துடுவ. போன ஈத்துல ஒரு குட்டியை லாரிக்குக் கொடுத்தவ நான். புல்லைத் தோண்டிப் பார்த்தேன், அடியில அதே தார் ரோடு இருக்கு. நாளைக்கே லாரி வந்தா?"

காக்கை குனிந்து புல்லைப் பார்த்தது.

பூனை குட்டியோடு கடைசி வீட்டுக்குள் நுழைந்தது. அங்கே மரகதம் குடிவந்து ஒரு மாதமாகியும் சாக்கு மூட்டைகள் அவிழாமலே கிடந்தன. வாடகை வீடுகளில் எத்தனையோ முறை காலி செய்யச் சொன்னதைக் கேட்டவள், இங்கேயும் யாராவது வந்து சொல்வார்கள் என்று காத்திருந்தாள். மூட்டைகளைப் பார்த்ததும் பூனைக்கு அவளைப் புரிந்துபோயிற்று. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அவற்றுக்கு நடுவே விட்டது.

வேலை முடிந்து வந்த மரகதம், "வெறும் தரையிலயா போட்டிருக்க, சில்லுனு இருக்குமே" என்று முனகியபடி, விரிக்கப் பழைய புடவை எடுக்க ஒரு மூட்டையை அவிழ்த்தாள். தட்டும் டம்ளரும் உருண்டு வந்தன. திரும்ப மூட்டைக்குள் போடாமல் அவற்றை அலமாரியில் அடுக்கினாள்.

காக்கை ஜன்னலுக்கு வந்தது. "அடுத்து எங்கே அக்கா?"

"மெதுவாப் பேசு" என்றது பூனை, ஒரு காதை வாசல் பக்கமே வைத்தபடி. "குட்டிங்க தூங்குது."