நடுங்காத கையெழுத்து

கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் டைப்பிங் கடையில் ஸ்கேனரின் மூடி திறந்தே கிடக்கிறது. சாயங்கால வெயில் அதன் கண்ணாடியில் படிந்த தூசியைக் காட்டிக்கொடுக்கிறது. வீட்டைக் காலி செய்யச் சொன்ன தீர்ப்பை எதிர்த்து அப்பா பெயரில் ஆன்லைனில் போட்ட அப்பீல் திரும்பி வந்திருக்கிறது. நகல்களில் கையெழுத்து இருக்கும் இடத்தில் 'ஒப்பம்' என்று அடித்து அடித்துப் பழகிய டைப்பிஸ்ட், மனுதாரர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலும் அதையே அடித்துவிட்டார்.

"கையால போட்டு ஸ்கேன் பண்ணணும்னு திருப்பிட்டாங்கம்மா. இன்னிக்குத்தான் கடைசி. அப்பாவைக் கூட்டிட்டு வந்துடுங்களேன்" என்கிறார் அவளிடம், கீபோர்டைப் பார்த்தபடி.

"அப்பா நேத்துலேர்ந்து ஐ.சி.யூ.ல நினைவில்லாம கிடக்கார்ண்ணே."

டைப்பிஸ்ட் புதுப் பிரிண்டை அவள் முன்னால் வைத்துவிட்டு, தெருவை வேடிக்கை பார்ப்பவர்போல் முதுகைக் காட்டி நிற்கிறார். அவள் பேனாவை எடுக்கிறாள். பள்ளி நாட்களில் ரேங்க் கார்டில் அப்பாவுக்குத் தெரியாமல் எத்தனையோ முறை போட்ட அவர் கையெழுத்தை விரல்கள் மறக்கவில்லை. ஒரே இழுப்பில், கடைசி எழுத்தின் வால் மேலே சுழன்று, அடியில் ஒரு கோடும் புள்ளியுமாக வந்து விழுகிறது. டைப்பிஸ்ட் திரும்பி, போன மாதம் அப்பா வக்கீலுக்கு எழுதிக்கொடுத்த வக்காலத்தில் போட்ட கையெழுத்தைத் திரையில் பெரிதாக்குகிறார். எழுத்துகள் நடுங்கி, கோட்டை விட்டு இறங்கிக் கிடக்கின்றன.

"இது எடுபடாதும்மா."

இன்னொரு தாளில் அவள் கையை வேண்டுமென்றே நடுக்கிப் பார்க்கிறாள். மறுபடியும் அதே வால், அதே சுழி. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறிய அப்பாதான் தாளில் வருகிறார். ஐ.சி.யூ.வில் கிடக்கும் அப்பா வரவே இல்லை.