இப்பதான் அடிச்சேன்

"எழுபது" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினார் பெரியவர்.

விளக்கு எரிந்ததற்கு உங்கள் கை எவ்வளவு காரணம், நூற்றுக்கு எவ்வளவு போடுவீர்கள் என்பது என் படிவத்தின் கடைசிக் கேள்வி. எல்லோரும் அறுபதுக்கு மேல்தான் போடுகிறார்கள்.

மேசையில் ஒரு கறுப்புப் பட்டன். எதிரே ஒரு சின்ன விளக்கு. அரை மணி நேரம் விருப்பம்போல அழுத்தலாம், அழுத்தாமலும் இருக்கலாம். விளக்கு சில சமயம் எரியும்.

எரிய வைப்பது கணினி. பட்டனுக்கும் விளக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இனி அதை அவரிடம் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்லாமல் யாரையும் இந்த அறையை விட்டு அனுப்பக் கூடாது என்பது எங்கள் ஆய்வுக்கூடத்தின் விதி. நூற்றுப் பதினோரு பேரிடம் சொல்லியிருக்கிறேன். சிலர் சிரிப்பார்கள். சிலருக்கு முகம் சுருங்கும். ஒரு வங்கி மேலாளர் குனிந்து மேசைக்கு அடியில் வயரைத் தேடினார்.

"ஐயா, ஒரு விஷயம். இந்தப் பட்டன் எதோடயும் சேரல. நீங்க அழுத்தினதால விளக்கு எரியல."

"தெரியும்மா."

நான் நிமிர்ந்தேன்.

"முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் ஓட்டினவன் நான். எங்க லிஃப்ட்ல கதவு மூடுற பட்டனுக்கு உள்ள வயரே கிடையாது. அதை அழுத்தாத ஆளும் கிடையாது. மூணாவது தடவை அழுத்தும்போதே, இதுவும் அந்த ரகம்தான்னு புரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் எழுபது போட்டீங்க?"

"நூறு போட்டா நம்ப மாட்டீங்களே."

தான் சொன்னதற்குத் தானே சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"விளக்கு எரியறப்பல்லாம் என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. பாவம், இந்தப் பொண்ணு இதை நம்பி உக்காந்திருக்கு, நாம ஏன் கெடுக்கணும்னு அழுத்திக்கிட்டே இருந்தேன்."

விஷயம் தெரிந்தவர்களின் படிவம் ஆய்வில் சேராது. தனி அடுக்கில் போட வேண்டும். என் கை அதை எடுக்கவில்லை.

போன வருடம் இடுப்பெலும்பு முறிந்து அம்மா என் வீட்டில் படுத்திருந்தாள். பட்டன் அவள் தலையணையோரம், மணி என் அறையில் என்று ஒரு அழைப்பு மணி வாங்கி வைத்தேன். வயர் தேவையில்லாதது.

அது ஓயவே இல்லை. மின்விசிறி வேகமாகச் சுற்றுகிறது. மெதுவாகச் சுற்றுகிறது. நேரம் என்ன ஆகிறது. எதிர்வீட்டில் யார் வந்திருக்கிறார்கள். ஒன்றுமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன்.

என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் பாதியில் நின்றது.

மூன்றாம் வாரம், ஒரு முற்பகலில், என் அறை மணியிலிருந்து பேட்டரிகளைக் கழற்றி இழுப்பறையில் போட்டேன்.

அம்மாவின் பட்டனை அழுத்தினால் அதில் ஒரு சிவப்புப் பொட்டு ஒளிரும். அது ஒளிர்ந்துகொண்டுதான் இருந்தது. அவளுக்குக் காது மந்தம். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் மணி அடித்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரிய வழியில்லை.

எனக்கு நேரம் ஒழிந்தபோது போனேன். எப்போது போனாலும் அம்மாவின் முகம் மலரும்.

"இப்பதான்டி அடிச்சேன், வந்துட்டியே."

விளக்கு அவ்வப்போது தானாக எரிந்தாலே போதும், அழுத்திய விரல் நம்பிவிடும். நான்காம் அத்தியாயத்தின் முதல் வாக்கியம் அது. அத்தியாயம் நல்லபடியாக முடிந்தது.

ஒன்பதாம் வாரம் நெஞ்சில் சளி கட்டி அம்மா போய்விட்டாள்.

துக்கத்துக்கு வந்த அத்தை என் கையை விடவே இல்லை. "பெல் அடிச்சா பறந்து வர்றா என் பொண்ணுன்னு ஃபோன்ல சொல்லிச் சொல்லி மாஞ்சுபோவாடி உங்கம்மா." நான் அழுதேன். மற்றவர்கள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அம்மாவை ஏமாற்றினேன். இந்த ஒரு வருடமாக நான் சுமப்பது அதைத்தான். பழகிவிட்ட பாரம். எந்தப் பக்கம் சாய்த்து வைத்தால் அதிகம் உறுத்தாது என்று எனக்குத் தெரியும்.

"கையெழுத்து எங்க போடணும்மா?" என்றார் பெரியவர்.

'எனக்கு உண்மை விளக்கிச் சொல்லப்பட்டது' என்ற வரியைக் காட்டினேன். நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். எழுந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"அட, இதுக்குப் போய் அழறீங்களே. வேணும்னா எண்பதா மாத்திப் போட்டுத் தரட்டுமா?"

அம்மாவின் கடைசி வாரத்தில் ஒரு மதியம், சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே போனேன். தூங்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பதான்டி அடிச்சேன், வந்துட்டியே" என்றாள், வழக்கம்போல.

அன்றே அக்காவுக்கு ஃபோன் செய்து, அம்மாவுக்கு நினைவு தடுமாற ஆரம்பித்துவிட்டது என்று சொன்னேன்.

அன்று காலையில் விரிப்பு மாற்றும்போது பட்டனை எடுத்து ஜன்னலின் மேல்திட்டில் வைத்தவள் நான்தான். அவள் கைக்கு எட்டாத அந்த இடத்தில்தான் அது அப்போதும் இருந்தது.