இரண்டு பலாமரங்களுக்கு நடுவே

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. ஆனைக்கரைக்கு மேலே ஒரு தனியார் ஏலத்தோட்டத்தில், தொழிலாளர் லயத்தைக் காலி செய்யச் சம்மதித்து ஈஸ்வரன் கையெழுத்திட்டார்.

லயத்தில் ஒரே வரிசையாக ஐந்து வீடுகள். அந்த இடத்தில் ரிசார்ட் கட்ட நிர்வாகம் ஒன்றரை வருடமாகக் கேட்டும் யாரும் அசையவில்லை. அசையக் கூடாது என்று எல்லோரையும் நிறுத்தி வைத்திருந்தவரே ஈஸ்வரன்தான்.

மறுநாள் அவர் மகள் இந்து சித்தூரிலிருந்து வந்து இறங்கினாள். பக்கத்து வீட்டுக் குருவம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வா தாயி. உங்கப்பனால எங்களுக்கும் சேத்துக் கெடைச்ச பாக்கியத்தப் பாரு."

"என்ன நடந்துச்சு அத்தை?"

"நேத்து மேனேஜரு உங்க வீட்டுக்குள்ள போனாரு. மெரட்டுன சத்தமும் இல்ல, கெஞ்சுன சத்தமும் இல்ல. கொஞ்ச நேரத்துல உங்கப்பனே வெளிய வந்து பேனா கேட்டாரு. என்னத்த வாங்கித் தின்னாரோ."

"எங்கப்பா அப்படி ஆளு இல்ல."

"நேத்து வரைக்கும் நாங்களும் அப்படித்தான் சொன்னோம்."

இந்துவுக்கு முகம் சுட்டது. அப்பாவுக்குச் சொல்லவென்று ஒரு நல்ல சேதியோடு வர வேண்டிய பயணம் இது. சித்தூரில் நண்பன் நியாஸின் வாப்பா நடத்தும் ஜவுளிக்கடை மாடியில், அவளும் நியாஸும் இரண்டு வருடம் உட்கார்ந்து செய்த வீடியோ கேம் போன மாதம் வெளியாகியிருந்தது.

அதில் எதிரி கிடையாது, புள்ளி கிடையாது. ஒரு மலைச்சரிவு, விளையாடுகிறவர் விதை போடலாம், ஓடையைத் திருப்பலாம், பனிமஞ்சுக்கு நிறம் தீட்டலாம். சரிவு இந்தத் தோட்டம்தான். ஓடைச் சத்தத்தைக்கூட இங்கே வந்துதான் பதிவு செய்தாள்.

"அலுத்து வர்றவங்க விளையாடறது இது, இந்து. மனுசவாடையே வேண்டாம். வேணுங்கறத அவங்களே கட்டிக்கட்டும்" என்று நியாஸ் சொன்னான். அவளுக்கும் அது சரியென்று பட்டது. மின்கம்பங்கள், ஜீப் பாதை, மற்றதெல்லாம் ஒரே மதியத்தில் நீக்கினாள்.

ஈஸ்வரன் வீட்டு முன்னால் நின்றிருந்தார். வீட்டுக்கு இருபுறமும் நின்ற பலாமரங்களில், வாசலுக்குக் குறுக்கே கட்டியிருந்த துணிக்கொடியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா கையெழுத்துப் போட்டீங்க?"

"சாப்ட்டியா?"

"நாலு வீட்டுக்காரங்களும் உங்கள நம்பித்தான இருந்தாங்க? என்னையும் சேத்துல்ல ஏமாத்திட்டீங்க. 'எம் மக வந்து இருக்க வீடு வேணும், அவளுக்கு இந்த எடம்னா உசுரு'ன்னு ஊரெல்லாம் சொன்னது யாரு?"

"நாந்தான். மேனேஜருகிட்டயும் அதத்தான் சொன்னேன்."

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"அவரு போன்ல உன் கேமைக் காட்டுனாரு."

கோபத்துக்கு நடுவிலும் இந்துவின் முகம் மலர்ந்தது. "பாத்துட்டீங்களா? நானே காட்டணும்னு இருந்தேன்ப்பா."

"நல்லாத்தான் செஞ்சிருக்க. ஓடை அப்படியே இருக்கு. வழுக்குப் பாறை இருக்கு. இந்த ரெண்டு பலாவும் இருக்கு. கெழக்க சாஞ்ச கொம்பக்கூட நீ விடல."

கொடிக்கயிற்றை முழங்கையில் சுற்றி முடித்தார். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரெண்டு மரத்துக்கும் நடுவுல வெறும் புல்லு இருந்துச்சு. அதப் பாத்துட்டுத்தாம்மா பேனா கேட்டேன்."