இருநூற்று நாற்பத்திரண்டு ரூபாய் வீடு

"தொண்ணூத்திரெண்டு ரூபா. இதுக்குக் கீழ போனா கோழிக்கூடுதான் கட்டித் தர முடியும், சின்னா."

விநாயகம் ஆசாரி கரித்துண்டைக் காதில் செருகிக்கொண்டு, கணக்கு எழுதிய பலகையைத் திருப்பிக் காட்டினார். சின்னனுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் பலகையை உற்றுப் பார்த்தான்.

ரிவியேர் டு ராம்பார் ஊருக்கு வெளியே, பத்து வருஷம் தவணை கட்டி அவன் வாங்கிய அரை ஏக்கர் கரும்பு நிலம். அதன் ஓரத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நின்றிருந்தார்கள். கூடவே அவன் மனைவி கோவிந்தம்மா. மார்ச் மாதப் புயல் அவர்கள் குடிசையை வாரிக்கொண்டு போய் ஆறு மாதம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து மூன்று பிள்ளைகளோடு அவள் அண்ணன் வீட்டு மாட்டுக் கொட்டகையில்தான் வாசம். டிசம்பரில் மழையும் காற்றும் திரும்ப வந்துவிடும். அதற்குள் வீடு எழும்பியாக வேண்டும்.

"என்னென்ன சேர்த்திருக்கீங்க, ஆசாரி?" என்று கேட்டான் சின்னன்.

"ரெண்டு அறை. அஸ்திவாரத்துக்குக் கல்லு உன் நிலத்துலேயே கெடக்கு, அதுக்குக் காசு இல்ல. கிராண்ட் பே சூளையிலேர்ந்து சுண்ணாம்பு. தூணு, சுவருக்குப் பலகை, ஆணி, என் கூலி. மேல கரும்புத் தோகை, கீழ மண்ணு. நீயும் கூட நின்னு மரம் தூக்கறதா வெச்சுத்தான் இந்தக் கணக்கு."

"கல்லை இன்னிக்கே பொறுக்கிக் குவிச்சிடறேன். மரம் தூக்க ஆள் போட்டுக்குங்க."

"வீடு கட்டறதுக்கு முந்தியே வெள்ளக்கார முசே ஆயிட்டியா?"

சின்னன் சிரிக்கவில்லை. "ஆள் கூலியையும் சேருங்க."

"அப்போ சரியா நூறு."

சின்னனுக்கு மூச்சு வந்தது. நூறு ரூபாய்க்குத்தான் அவன் மனதைத் தயார் செய்து வைத்திருந்தான்.

"தோகை வேணாம்ண்ணே" என்றாள் கோவிந்தம்மா. "கூரை பறந்தப்போ புள்ளைங்கள்ல சின்னவனை வயித்துக்கு அடியில போட்டுக்கிட்டு விடியற வரைக்கும் குப்புறக் கெடந்தேன். தகரமே போடுங்க."

"போர்ட் லூயிஸ்லேர்ந்து வண்டியில வரணும்மா. அறுபத்தெட்டு கூட ஆகும்."

இருவரும் சின்னனைப் பார்த்தார்கள். அவன் கரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போடுங்க" என்றான் கடைசியில்.

"அப்படியே தரைக்கும் பலகை அடிச்சிட்டா..." என்று இழுத்தாள் கோவிந்தம்மா.

"தரையெல்லாம் வேணாம்!" அவன் போட்ட சத்தத்தில் ஆசாரியே திரும்பிப் பார்த்தார். "நாமெல்லாம் மண்ணுத் தரையில பொறந்து வளரலியா?"

"வளந்தோம். எங்கூடப் பொறந்ததுல ரெண்டு வளரல. சின்னவன் நெஞ்சு கறகறன்னு இழுக்கறது உங்க காதுல விழலியா?"

விழுந்துகொண்டுதான் இருந்தது. சர்க்கரை ஆலையில் வேலைக்கு நிற்கும்போது, அந்தச் சத்தத்துக்கு நடுவில்கூட.

"எவ்வளவு, ஆசாரி?"

"முப்பத்திநாலு. மொத்தம் எரநூத்திரெண்டு."

சின்னன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எழுதுங்க" என்றான்.

கோவிந்தம்மா முந்தானையைத் திருகியபடி நின்றாள். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கினாள். கேட்டேவிட்டாள்.

"பெரியவளுக்குப் பன்னெண்டாச்சு. நாளைக்கு உக்காந்துட்டான்னா எங்க வெக்கிறது, மாட்டுக்குப் பக்கத்துலயா? இப்பவே அண்ணி, மாட்டைவிட நாமதான் எடத்தை அடைக்கறோம்னு சொல்லிக்காட்டறா. சின்னதா இன்னொரு அறை, ஒரு பாய் விரிக்கிற அளவு போதும்."

"நாப்பது" என்றார் ஆசாரி, பலகையிலிருந்து தலையைத் தூக்காமல். "ஆகமொத்தம் எரநூத்தி நாப்பத்திரெண்டு. இது ஆகற கதையா, சின்னா? கரும்பு விக்கிற விலைக்கு அடுப்புல வெச்சு எரிக்கலாம். கடைக்காரன்கிட்ட நிலத்தை எழுதி வெக்கப்போறியா?"

"நிலத்தைத் தொட மாட்டேன். ஆலையில குடுப்பாங்க."

"ஆலையிலயா! ஒருநாள் படுத்தா ரெண்டுநாள் கூலியைப் புடிக்கறவனுங்க, உனக்கு வீடு கட்டக் குடுப்பானுங்களா?"

"குடுப்பாங்க. மொத்தமா, ஒரே தடவையில. நீங்க மாசக் கடைசியில தகரத்துக்கு வண்டி சொல்லுங்க."

சொன்ன விதத்தில் ஆசாரி அதற்கு மேல் கேட்கவில்லை. கோவிந்தம்மா மட்டும், "நெசமாத்தானா?" என்றாள்.

"நெசந்தான். பேப்பர்லயே போட்டிருக்கு."

அவள் முகம் மலர்ந்தது. புயலுக்குப் பிறகு அவன் அப்படிப் பார்த்ததில்லை. உடனே போய் மூன்றாவது அறை வரும் இடத்தில் குதிகாலால் கோடு கிழித்து, கதவு எந்தப் பக்கம் என்று ஆசாரியோடு வழக்காடத் தொடங்கிவிட்டாள். சின்னன் கல் பொறுக்கப் போனான். பொழுது சாயும்வரை, தனியாகத் தூக்க முடியாத கல்லைக்கூடத் தனியாகவே தூக்கிக் குவித்தான்.

திங்கட்கிழமைக் காலை, ஆலையில் சாறு பிழியும் உருளைகளுக்குள் கரும்பைத் தள்ளும் தன் இடத்தில் வழக்கம்போல நின்றான். ஆபீஸ் சுவரில் புதிதாக ஒட்டிய காகிதத்தைப் போன வாரம் குமாஸ்தா படித்துச் சொன்னது வரி பிசகாமல் நினைவில் இருந்தது: விபத்தில் விரல் போனால் நஷ்டஈடாக விரலுக்கு ஐம்பது ரூபாய், மணிக்கட்டோடு போனால் இருநூற்றைம்பது.

இரண்டு விரல் போதும் என்றுதான் சனிக்கிழமை வரை நினைத்திருந்தான். இப்போது சட்டையின் இடது கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டான்.